இந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது?

ஃப்ரோசன் யோகர்ட் கடைக்குள் நுழைந்ததும் கண் போவது மாம்பழம், டாரோ கிழங்கு, சாக்லேட், குக்கீஸ் என்று வண்ணப் பலகை ஒட்டிய மெஷின்களுக்குத்தான். அவற்றைத் தாண்டிப் போய் ‘ப்ளெயின்’ அல்லது ‘ஒரிஜினல் டார்ட்’ என்று எழுதியிருக்கும் மெஷினைத் தேடுங்கள். பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். மாம்பழ யோகர்ட்டில் பழக்கூழின் இனிப்பும் புளிப்பும் மணமும் சேர்ந்து அடியில் இருக்கும் தயிரை மூடிவிடும். சாக்லேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ப்ளெயினில் பால், சர்க்கரை, புளிப்பு, குளிர் என்று நாலே விஷயம். கடையின் குறை ஒளிந்துகொள்ள அங்கே இடம் கிடையாது.

சான் ஹோசேயில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் அப்படி ஒரு கடை இருக்கிறது. சுவரோடு சுவராகப் பதித்த மெஷின்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பிடிகள். இடது பிடியில் ஒரு சுவை, வலது பிடியில் ஒரு சுவை, நடுப்பிடியை இழுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வரும். காகிதக் கோப்பையை நாமே எடுத்து, நாமே பிடித்து, பழங்களையும் பருப்புகளையும் நாமே தூவி, கடைசியில் தராசில் வைத்தால் அவுன்ஸ் கணக்கில் காசு. அமெரிக்காவின் எந்தப் புறநகரிலும் காணக்கூடிய ஏற்பாடு இது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள்.

இந்தக் கடையானாலும் சரி, வேறெந்த ஃப்ரோசன் யோகர்ட் கடையானாலும் சரி, நான் ஒரே கேள்வியோடுதான் உள்ளே போவேன். இந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது? பாக்டீரியா பாலில் உட்கார்ந்து உண்டாக்கியதா, இல்லை பொட்டலத்திலிருந்து கொட்டியதா? மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் கலிஃபோர்னியாவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃப்ரோசன் யோகர்ட் 1970களில் நியூ இங்கிலாந்து பக்கம் ஹூட் என்ற பால் நிறுவனத்தின் வழியாகக் கடைகளுக்கு வந்தது. அப்போதைய அமெரிக்கர்களுக்குத் தயிரின் புளிப்பு பிடிக்கவில்லை. அதனால் 1981-ல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்கில் தொடங்கிய டி.சி.பி.ஒய். போன்ற கடைகள் புளிப்பைக் குறைத்து, கிட்டத்தட்ட ஐஸ்கிரீம் மாதிரியே கொடுத்தன. கொழுப்பு குறைவு என்பதே அன்றைய விளம்பரம். அந்த அலை 1990களின் பிற்பகுதியில் அடங்கிப்போனது. பிறகு 2005-ல் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய வெஸ்ட் ஹாலிவுட்டில் பிங்க்பெரி கடை திறந்தபோது புளிப்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை ஜனங்கள் அந்தப் புளிப்புக்காகவே வரிசையில் நின்றார்கள்.

வரிசை நீள நீளக் கேள்வியும் எழுந்தது. இது உண்மையில் யோகர்ட்தானா? 2007-ல் பிங்க்பெரி மீது வழக்குத் தொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் உணவு வேளாண் துறையும் கேள்வி எழுப்பியது. அந்த மாநிலத்து விதிப்படி, ஃப்ரோசன் யோகர்ட் என்ற பெயரில் விற்கும் கலவையை உரிமம் பெற்ற பால் ஆலையில் தயாரித்திருக்க வேண்டும். கடையிலேயே பொடியைக் கலக்கிவிட்டு அந்தப் பெயரை வைக்க முடியாது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், தொண்டு நிறுவனங்களுக்கு 7,50,000 டாலர் தருவதாகச் சொல்லி 2008-ல் நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. கலவையில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும் வெளியே வந்தது.

இந்தச் சண்டைக்கு அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு யோகர்ட்டுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. எந்த இரண்டு பாக்டீரியாக்கள் அதில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறது. ஐஸ்கிரீமுக்கும் இலக்கணம் உண்டு: குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு, ஒரு கேலன் குறைந்தது நாலரை பவுண்டு எடை. ஃப்ரோசன் யோகர்ட்டுக்கு மட்டும் அப்படித் தனி இலக்கணம் மத்திய விதிகளில் இல்லை. ஆகவே ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே முழுக்கத் தோய்ந்த தயிரும் வரலாம், ஐஸ்கிரீம் பாலில் ஒரு கரண்டி தயிரைக் காட்டியதும் வரலாம். வாங்குகிறவருக்குத் தன் நாக்குதான் துணை.

நாக்கு எதைத் தேட வேண்டும் என்பதற்குப் பால் எப்படித் தயிராகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பாலில் கேசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் கிடக்கின்றன. பால் பாலாகவே ஓடுவது அதனால்தான். யோகர்ட் ஆலையில் இந்தப் பாலை 42, 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து இரண்டு பாக்டீரியாக்களை விடுகிறார்கள். ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். மற்றது லாக்டோபாசில்லஸ் பல்கேரிகஸ். இரண்டாவதை ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் 1905-ல் ஜெனீவாவில் தம் ஊர்த் தயிரிலிருந்து பிரித்துக் காட்டினார். பெயரிலேயே அந்த நாடு இருக்கிறது.

இவை இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வேலை செய்வது தயிரில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். முதலில் முந்திக்கொண்டு பெருகுவது தெர்மோஃபிலஸ். அது வெளியிடும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் பல்கேரிகஸைத் தூண்டிவிடுகின்றன. பல்கேரிகஸ் பால் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகள் தெர்மோஃபிலஸுக்கு உணவு. தனித்தனியாக விட்டால் மந்தமாக நடக்கிற வேலை, சேர்த்து விட்டால் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டுமே பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. பாலின் பி.எச். 6.7-லிருந்து இறங்கிக்கொண்டே வந்து 4.6-ஐத் தொடும்போது கேசின் உருண்டைகளின் மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. தள்ளிக்கொண்டிருந்தவை ஒட்டிக்கொள்கின்றன. முழுப் பாத்திரமும் ஒரே வலையாகி, பாலின் தண்ணீர் முழுவதையும் அந்த வலை பிடித்து வைத்துக்கொள்கிறது. அதுதான் தயிர்.

புளிப்போடு இன்னொன்றும் உண்டாகிறது. அசிட்டால்டிஹைடு என்ற, எளிதில் ஆவியாகும் பொருள். முக்கியமாகப் பல்கேரிகஸின் கைவேலை. அளவு மிகக் குறைவு, பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். பச்சை ஆப்பிளை நறுக்கும்போது வருமே, அந்த வாடை. கடைத் தயிருக்கே உரிய மணம் இது. நம் வீட்டில் முந்தின நாள் மோரை விட்டு அறைச் சூட்டில் உறைய வைக்கிற தயிரில் வேறு வகை பாக்டீரியாக்களும் கலந்து கிடக்கும். அவற்றில் சில டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டாக்குவதால் வெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். யோகர்ட்டை முதன்முதலில் சாப்பிடும் நம்மவர்களுக்கு ‘தயிர் மாதிரிதான், ஆனா தயிர் இல்ல’ என்று தோன்றுவதற்கு இந்த மண வேறுபாடும் ஒரு காரணம்.

இனி ஃப்ரோசன் யோகர்ட்டுக்கு வருவோம். புளிப்பை உள்ளே கொண்டுவர ஆலைகளுக்குப் பல வழிகள் உண்டு. பால் கலவை முழுவதையும் தோயவிட்டு, பிறகு சர்க்கரை சேர்ப்பது ஒன்று. ஐஸ்கிரீம் செய்வது போலக் கலவை தயாரித்து, தனியாகத் தோய்த்த யோகர்ட்டைப் பத்திலொரு பங்கோ ஐந்திலொரு பங்கோ கலப்பது இன்னொன்று. இதில் பெரும்பகுதிப் பால் தயிராகவே ஆகவில்லை, பி.எச். பாலின் பக்கத்திலேயே நின்றுவிடக்கூடும். மூன்றாவது, பொடியில் தண்ணீரைக் கலந்து சிட்ரிக் அமிலத்தைச் சேர்ப்பது. எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான், கெடுதல் ஏதுமில்லை. ஆனால் அதைச் சேர்த்துவிட்டு யோகர்ட் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாக்டீரியா மணிக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்யவில்லை. அதன் கடைசித் தடயத்தை மட்டும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

வாயில் வைத்தால் இந்த வித்தியாசம் தெரிகிறதா என்றால், தெரியும். சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு சட்டென்று நாக்கின் ஓரத்தைக் கவ்வும், அதே வேகத்தில் காணாமலும் போகும். லாக்டிக் அமிலம் மெதுவாக ஏறி, விழுங்கிய பிறகும் தொண்டைப் பக்கம் தங்கும். ஒரு சின்னக் கரண்டி எடுத்துக் கடிக்காமல் நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே உருகவிடுங்கள். உருகியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். குளிர்ந்த பொருளிலிருந்து மணம் அதிகம் எழாது. வாயின் சூட்டில் உருகிய பிறகுதான் அசிட்டால்டிஹைடு மூக்குக்கு ஏறும். அந்தப் பச்சை வாடையும் பின்னாலேயே மெல்லிய பால் வாசமும் வந்தால் அங்கே தயிர் இருக்கிறது. புளிப்பு மட்டும் வந்து மணம் ஒன்றுமே வராவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் கடையின் ப்ளெயினில் புளிப்பு நின்றது, மணமும் வந்தது. இருந்தாலும் கடைக்காரப் பெண்மணியிடம் கலவை வரும் அட்டைப்பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்காமல் உள்ளே போய் எடுத்து வந்து காட்டினார். அமெரிக்காவில் சேர்மானப் பட்டியலை எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும். அதிகமாக இருப்பது முதலில். அந்தப் பெட்டியில் முதல் வரியிலேயே கொழுப்பு நீக்கித் தோய்த்த பால் என்று இருந்தது. சர்க்கரை அதற்கு அடுத்து. கீழே பாக்டீரியாக்களின் பெயர்கள். இதே பட்டியலில் பால், சர்க்கரை, குளூக்கோஸ் பாகு எல்லாம் முன்னால் வந்து, யோகர்ட் பொடி என்பது கடைசிக்கு முந்திய வரியில் ஒட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. கேட்டதும் பெட்டியைக் காட்டுகிற கடை என்பதே எனக்குப் பாதி மதிப்பெண்.

தயிர் நல்ல தயிராக இருந்தால் மட்டும் போதாது. அதை உறைய வைக்கும் மெஷின் இன்னொரு பாதி.

மெஷினின் மேலே குளிரூட்டிய தொட்டி. அதிலிருந்து கலவை கீழே படுக்கைவாக்கில் கிடக்கும் எஃகு உருளைக்குள் இறங்குகிறது. உருளையின் சுவர் கடுங்குளிர். சுவரைத் தொட்ட கணத்தில் கலவையில் உள்ள தண்ணீர் மெல்லிய பனித்தோலாக ஒட்டும். உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும் பிளேடு அதைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளும். மறுபடி ஒட்டும், மறுபடி சுரண்டும். சுரண்டிய துணுக்குகள்தான் பனிப்படிகங்கள். கூடவே துடுப்பு காற்றையும் அடித்து உள்ளே சேர்க்கிறது. சார்லஸ் டெய்லர் என்பவர் 1926-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் காப்புரிமை வாங்கிய மெஷினின் வழித்தோன்றல்கள்தான் இவை.

பிடியை இழுக்கும்போது வெளியே வருவது சுமார் மைனஸ் 7 டிகிரி. தண்ணீர் என்றால் அந்தக் குளிரில் பாறையாகியிருக்கும். சர்க்கரை கரைந்திருப்பதால் கலவை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போன பிறகுதான் உறையவே ஆரம்பிக்கிறது. அதிலும் தண்ணீர் பனியாக ஆக, மிச்சமிருக்கும் திரவத்தில் சர்க்கரை அடர்த்தியாகிக்கொண்டே போகிறது. அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். ஆகவே மைனஸ் 7-லும் தண்ணீரில் ஒரு பகுதி உறையாமல் பாகாகவே நிற்கிறது. அந்தப் பாகில் பனித்துணுக்குகளும் காற்றுக்குமிழ்களும் மிதப்பதால்தான் கெட்டியாகவும் இல்லாமல் தண்ணியாகவும் இல்லாமல் சுருள் சுருளாக விழுகிறது. வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18-ல் வைத்தால் அந்தப் பாகிலும் பெரும்பகுதி உறைந்து கல்லாகிவிடும். பார்சல் வாங்கிப்போய் மறுநாள் சாப்பிட்டால் ருசி இறங்குவது இதனால்தான்.

பனித்துணுக்கின் அளவு மிக முக்கியம். ஏறக்குறைய 50 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் நாக்குக்கு வழவழப்பு. அதற்கு மேலே போனால் நறநறப்பு. தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வாக்கில் இருக்கும் என்றால் நாக்கின் கூர்மையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு வாயில் ஒரு பூச்சாகப் படர்ந்து சின்னச் சின்னக் குறைகளை மறைத்துவிடும். கொழுப்பு நீக்கிய யோகர்ட்டில் அந்தத் திரை கிடையாது. மெஷின் சரியில்லை என்றால் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும்.

மெஷின் நன்றாகவே இருந்தும் கெடுகிற ஓர் இடம் உண்டு. இதைக் கடைக்குப் போகிறவர்கள் அநேகமாகக் கவனிப்பதில்லை. யாரும் வாங்காத சுவை உருளைக்குள்ளேயே கிடக்கும். கலவை கொஞ்சம் இளகும், மெஷின் விழித்துக்கொண்டு மறுபடி குளிர்விக்கும், மறுபடி இளகும். ஒவ்வொரு சுற்றிலும் சின்னப் படிகங்கள் கரைகின்றன, கரைந்த தண்ணீர் பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டி அவற்றை இன்னும் பெரிதாக்குகிறது. அடித்து அடித்துக் காற்றும் வெளியேறுகிறது. காலையில் வழவழவென்று இருந்தது மாலைக்குள் ஈரமணலாகிவிடும். எங்கள் கடையில் ஸ்ட்ராபெர்ரி மெஷின் இந்த நிலையில் இருந்தது. பிடியை இழுத்ததும் சுருளாக விழாமல் சரிந்து பரவியது. அதன் மேல் கோடுகளே இல்லை. நட்சத்திர வடிவ மூக்கு வழியாக வரும் நல்ல யோகர்ட்டில் விளிம்புகள் கத்தியால் வெட்டினாற்போல நிற்க வேண்டும். நுனி நிமிர்ந்து, மேலே ஈரப் பளபளப்பு இல்லாமல், கொஞ்சம் மங்கலாகத் தெரிய வேண்டும். பக்கத்திலேயே ப்ளெயின் அப்படித்தான் நின்றது, ஏனென்றால் அதை நிமிடத்துக்கு ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சுவை நன்றாக ஓடுகிறதோ அதுவே அன்றைக்குப் புதியது. கூட்டமான நேரத்தில் போவதில் லாபம் உண்டு.

பெட்டியின் சேர்மானப் பட்டியலில் கடைசியில் கண்ட ஒரு பெயர் எனக்கு மிகவும் பழக்கமானது: குவார் கம். நம் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பசை. உலகத்தின் குவாரில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் விளைகிறது. நூறு கிராம் கலவைக்கு ஒரு கிராமில் சில பத்திலொரு பங்கு சேர்த்தாலே, உறையாமல் நிற்கும் பாகைத் தடிப்பாக்கிவிடும். தண்ணீர் மூலக்கூறுகள் அங்கிருந்து இங்கே நகர்ந்து பெரிய படிகத்தில் ஒட்டுவது அதனால் மெதுவாகும். பெக்டினும் சேர்ப்பார்கள், புளித்த சூழலில் பால் புரதம் திரிந்து கட்டியாகாமல் அது காக்கும். ‘கம்’ என்ற சொல்லைப் பட்டியலில் பார்த்துவிட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அளவு மீறினால்தான் தப்பு. அப்போது உருகியதும் நாக்கில் கோந்து மாதிரி வழுக்கும், விழுங்கியும் விழுங்காமலும் நிற்கும்.

உருகவிட்டுப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. ஒரு கரண்டியைக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது ஒரே சீரான, கனமான, வெண்மையான திரவமாக இறங்க வேண்டும். ஓரத்தில் பச்சை மஞ்சளாகத் தெளிநீர் பிரிந்தால் புரத வலை உடைந்திருக்கிறது. பாலைப் போதுமான அளவு காய்ச்சவில்லை என்று சந்தேகிக்கலாம். 85, 90 டிகிரி வரை காய்ச்சும்போது பாலின் வே புரதம் சுருள் அவிழ்ந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது, பிறகு தோயும் தயிர் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கிறது. பாலை நன்றாகக் காய்ச்சி உறை ஊற்றினால் கெட்டித் தயிர் கிடைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதே வேதியியல்தான்.

உருகியதைக் கடைசியில் ஒரு வாய் குடித்தும் பாருங்கள். திகட்டும். உறைந்திருந்தபோது அளவாக இருந்த இனிப்பு இப்போது எங்கிருந்து வந்தது? நாக்கின் சுவை உயிரணுக்களில் டிஆர்பிஎம்5 என்ற வாயில் ஒன்று இருக்கிறது. இனிப்பைப் பற்றிய செய்தி அதன் வழியாகத்தான் நரம்புக்குப் போகிறது. சூடு குறையக் குறைய அந்த வாயில் சரியாகத் திறப்பதில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் இதைக் காட்டினார்கள். குளிரில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும் என்பதால் உறையவைக்கும் பண்டத்தில் சர்க்கரையைக் கூட்டித்தான் போட வேண்டும். அதோடு புளிப்பும் இனிப்பும் நாக்கில் ஒன்றையொன்று அமுக்கும். புளிப்பான யோகர்ட்டைச் சாப்பிட்டுவிட்டு இதில் சர்க்கரை குறைவு என்று நினைப்பது இயல்பு. நூறு கிராமில் 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை இருப்பது இதில் சாதாரணம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கொழுப்பு இல்லை என்ற பலகையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. எங்கள் குடும்பத்திலேயே இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாக்டீரியா இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. உறையவைத்தால் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொஞ்சம் சாகும், பெரும்பகுதி உறங்கிக் கிடக்கும், சர்க்கரையும் பால் புரதமும் அவற்றுக்குக் காப்பு. உடலுக்குள் போய்ச் சூடானதும் விழிக்கும். அவற்றை அழிப்பது ஆலையில் தோய்த்த பிறகு மறுபடி சூடாக்குவதுதான். அமெரிக்காவின் தேசிய யோகர்ட் சங்கம் உயிருள்ள பாக்டீரியாவுக்கு ஒரு முத்திரை வைத்தது. தயாரிக்கும்போது சாதாரண யோகர்ட்டில் கிராமுக்கு 10 கோடி, ஃப்ரோசன் யோகர்ட்டில் கிராமுக்கு 1 கோடி இருக்க வேண்டும் என்பது கணக்கு. பத்திலொரு பங்குதான் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்த எண்ணிக்கையால் உண்மையில் பயனடைபவர்கள் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள். சின்ன வயதுக்குப் பிறகு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துபோகிறவர்கள் உலகில் பெரும்பான்மை. தமிழர்களிலும் நிறையப் பேர். 1984-ல் அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று, அத்தகையவர்களுக்குப் பாலையும் யோகர்ட்டையும் ஒரே அளவு லாக்டோஸ் வரும்படி கொடுத்துப் பார்த்தது. செரிக்காத சர்க்கரையால் மூச்சில் கலக்கும் ஹைட்ரஜன், யோகர்ட் சாப்பிட்டபோது பாலின் மூன்றிலொரு பங்கு அளவுக்குத்தான் வந்தது. யோகர்ட் பாக்டீரியாவின் உள்ளே இருக்கும் நொதி, குடலில் அந்த வேலையைச் செய்து கொடுக்கிறது. உயிருள்ள பாக்டீரியா நிறைய இருந்தால்தான் இது நடக்கும். ஒரு கரண்டி தயிரைக் காட்டிய கலவையில் லாக்டோஸ் முழுசாக இருக்கும், உதவி செய்ய ஆள் இருக்காது. ‘யோகர்ட்தானே, வயிறு ஒன்றும் பண்ணாது’ என்று நம்பி வாங்குகிறவர் ஏமாந்துபோவார். பெயரைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விலைக்கு வருகிறேன். மெஷின் காற்றை அடித்துச் சேர்க்கிறது என்றேன். ஒரு லிட்டர் கலவையில் அரை லிட்டர் காற்றைச் சேர்த்தால் ஒன்றரை லிட்டர் யோகர்ட். கோப்பைக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் கடையில் அந்தக் காற்றுக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். எடை போட்டு விற்கும் கடையில் காற்றுக்கு எடை இல்லை, காசும் இல்லை. ஆனால் அங்கே கணக்கு வேறு பக்கம் திரும்பும். யோகர்ட்டுக்கும் பொரிக்கும் பாதாமுக்கும் பழத்துண்டுக்கும் ஜெல்லி மிட்டாய்க்கும் ஒரே விலை. பாகில் ஊறிய பழமும் ஜெல்லியும் கனம். தராசு அங்கேதான் ஏறும். நல்ல பாதாம், பிஸ்தா, மாதுளை முத்து இவற்றைப் போட்டுக்கொண்டால் கொடுத்த காசுக்குப் பண்டம் மிஞ்சும். வாயில் பட்டென்று உடையும் சாறு முத்துகளைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், கால்சியத்தைத் தொட்டதும் தோலாக இறுகுவதால் உண்டாகும் முத்து அது. ராமநாதபுரம் கடலோரத்தில் சேகரிக்கும் சர்காசம் பாசியிலிருந்தும் இதே ஆல்ஜினேட்தான் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்.

சுத்தத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தொட்டியில் ஊற்றிய கலவையை அதற்குப் பிறகு யாரும் சூடாக்கப் போவதில்லை. உருளைக்குள் ஏதாவது தங்கிவிட்டால் அது நேராகக் கோப்பைக்குத்தான். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும், உறைய வைத்தாலும் சாகாது, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. நன்றாகப் புளித்த யோகர்ட்டில் அதனால் பெருக முடியாது. புளிப்பே இல்லாத ‘யோகர்ட்’ கலவையில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மெஷினைக் கழற்றி, பிளேடையும் ரப்பர் வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி மாட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அடையாளம் பிடியின் அடியில் இருக்கும் மூக்குதான். அதில் காய்ந்த பழைய கோடு தெரிந்தாலோ புளித்த பால் வாடை வந்தாலோ திரும்பி வந்துவிடலாம். எங்கள் கடையில் மூக்குகள் பளிச்சென்று இருந்தன. தொட்டியின் குளிர் 5 டிகிரிக்குக் கீழே என்று மெஷினின் சின்னத் திரையிலேயே தெரிந்தது.

பழமேசையில்தான் இடறியது. நறுக்கிய முலாம்பழத்தை அமெரிக்க உணவு விதிகள் பாலைப் போலவே குளிரில் வைக்கச் சொல்கின்றன. அதில் புளிப்பு குறைவு, கிருமி எளிதாக வளரும். அங்கே கிண்ணத்தின் கீழே குளிர்ப்பெட்டி இருந்தும், பழத்தைக் குவித்துக் குவித்து வைத்திருந்ததால் மேல்பாதி வெளியே நின்றது. கையை மேலே காட்டினால் குளிரே படவில்லை. பெண்மணியிடம் சொன்னபோது, மதியக் கூட்டத்துக்காக நிறைய நறுக்கி வைத்துவிட்டதாகச் சொல்லி உடனே பாதியை எடுத்து உள்ளே வைத்தார். ஸ்ட்ராபெர்ரி மெஷினைப் பற்றியும் சொன்னேன். அந்தச் சுவை வெயில் காலத்தில் மட்டும் ஓடுகிறது, மற்ற மாதங்களில் காபிச் சுவைக்கு மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். மாற்றட்டும். ப்ளெயினுக்காக நான் தயங்காமல் அங்கே போவேன்; பாதாமும் மாதுளையும் போட்டுக்கொள்வேன்; பால் ஒத்துக்கொள்ளாத என் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போவேன், அந்தப் பெட்டியின் முதல் வரியைப் பார்த்துவிட்டதால்.